அறுபது தாண்டியவர்களின் பேஸ்பாலும் ஜூலை வெயிலும்

ஜப்பானில் 'கான்ரேக்கி' என்றால் அறுபது வயது நிறைவு. அறுபது ஆண்டுகள் கொண்ட காலச் சுழற்சி ஒன்று முடிந்து, பிறந்த ஆண்டின் பெயரே திரும்பி வருகிறது என்பது கணக்கு. பிரபவ, விபவ என்று எண்ணி அறுபதாம் கல்யாணம் செய்துவைக்கும் நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அங்கே அந்த விசேஷத்துக்குச் சிவப்புத் தொப்பியும் கையில்லாத சிவப்பு மேலங்கியும் போட்டுவிடுவார்கள். அதைக் கழற்றி வைத்துவிட்டு பேஸ்பால் தொப்பியை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறவர்களும் உண்டு. 'கான்ரேக்கி யாக்யூ' என்பது அறுபது தாண்டிய அமெச்சூர்கள் ஆடும் பேஸ்பால். எழுபது தாண்டியவர்களுக்கு 'கோக்கி' என்று தனிப் பிரிவு. நாடெங்கும் அணிகள், தேசியக் கூட்டமைப்பு, போட்டிகள் எல்லாம் இருக்கின்றன.

ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி என்று வைத்துக்கொள்வோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், வார நாளில் மைதானம் சுலபமாகக் கிடைக்கும். டோக்கியோவுக்கு வடக்கே, அராகவா ஆற்றங்கரை. வெள்ளம் வந்தால் மூழ்கட்டும் என்று கரைக்கு உள்பக்கம் விட்டுவைத்த நிலத்தில்தான் இப்படிப்பட்ட மைதானங்கள் பல இருக்கின்றன. அதனால் மரம் கிடையாது. இருக்கிற நிழல், பெஞ்சுக்கு மேலே கட்டிய துணிப்பந்தல் மட்டும். வெப்பநிலை 34 டிகிரி. மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு 71 வயது. முகத்தில் கம்பிக்கூடு, மார்பில் பஞ்சு அடைத்த கவசம், முழங்காலிலிருந்து பாதம் வரை இன்னொரு கவசம். ஒவ்வொரு பந்துக்கும் குந்தி உட்கார்ந்து எழுகிறார்.

இந்த மனிதரின் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

தசை வேலை செய்யும்போது செலவாகும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் போகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளே சுமார் 100 வாட் பல்பு அளவுக்கு வெப்பம் விடுகிறார். எழுந்து, ஓடி, எறிந்தால் அது மூன்று மடங்காகிவிடும். இதோடு மேலேயிருந்து வெயில், கீழே சூடேறிய மண். குளிர்ந்த நாளில் தோலிலிருந்து காற்றுக்கு வெப்பம் தானாகவே போய்விடும். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்றும் அதே அளவுக்கு வந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. மிச்சம் இருப்பது வியர்வை ஒன்றுதான்.

ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அபாரமான ஏற்பாடு. ஆனால் 'ஆவியானால்' என்பதுதான் நிபந்தனை. மூக்கு நுனியிலிருந்து சொட்டும் வியர்வை எதையும் குளிரவைப்பதில்லை, உடம்பின் தண்ணீரை வீணாக்குவதோடு சரி. கேட்சரின் கவசத்துக்கு அடியில் ஊறி நிற்கும் வியர்வையும் அப்படித்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ உடம்பை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 50 கிலோகலோரி போதும். வெளியேற முடியாமல் 200 வாட் வெப்பம் உள்ளே தேங்கினால், 17, 18 நிமிடத்தில் உடம்பு ஒரு டிகிரி ஏறிவிடும். பந்து எறியும் பிட்சர் குறி தவறி எறிந்து வரிசையாக நான்கு பேருக்கு 'வாக்' கொடுத்தால், அதாவது அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகவிட்டால், பாதி இன்னிங்ஸே (ஓர் அணி மட்டை பிடிக்கும் முறை) இருபது நிமிடம் இழுத்துவிடும். பேஸ்பாலில் பாதி இன்னிங்ஸுக்கு ஒருமுறை அணி நிழலுக்குத் திரும்புகிறது. இது அந்த ஆட்டத்தின் பெரிய வரம். அதனால் மொத்தம் எத்தனை இன்னிங்ஸ் என்பதைவிட, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் வெயிலில் நின்றார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஏழு இன்னிங்ஸை ஐந்தாகக் குறைத்துவிட்டு, நடுவில் ஒரு நீண்ட இன்னிங்ஸை ஓடவிட்டால் பயன் குறைவுதான்.

இதுவரை சொன்னது இருபது வயதுக்காரருக்கும் பொருந்தும். எழுபதில் எது மாறுகிறது?

முதலில் வியர்வை. வயதாகும்போது வியர்வைச் சுரப்பிகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை, ஒவ்வொரு சுரப்பியும் சுரக்கும் அளவுதான் குறைகிறது. அதுவும் உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் குறைவதில்லை. முதலில் கால், அப்புறம் முதுகு, பிறகு மார்பு வயிறு, பிறகு கை, கடைசியில் தலை என்று படிப்படியாக நடப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். இதை எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. பெரியவரின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். பார்க்கிறவர்கள் "நல்லா வேர்க்குது, பரவாயில்லை" என்று நினைப்பார்கள். அதே நேரம் தொடையும் முதுகும் போதிய அளவு வேர்க்காமல் இருக்கலாம்.

இரண்டாவது, ரத்த ஓட்டம். உள்ளே இருக்கும் வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவருவது ரத்தம். தோலின் ரத்தக்குழாய்கள் விரிய வேண்டும், அதை நிரப்ப இதயம் கூடுதலாகத் தள்ள வேண்டும். வயதான குழாய்கள் தயங்கித்தான் விரிகின்றன, இதயத்துக்கும் கையிருப்பு குறைவு. ஓடுகிற காலும் அதே ரத்தத்தைக் கேட்கிறது. ஒரு ரன்னர் மூன்றாவது பேஸ்வரை மூச்சு வாங்க ஓடி, சட்டென்று நிற்கிறார். விரிந்து கிடக்கும் குழாய்களில் ரத்தம் காலோடு தங்கிவிடுகிறது. தலை கிறுகிறுக்கிறது. ஓட்டம் முடிந்ததும் நின்றுவிடாமல், அப்படியே நாலு அடி நடந்தால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்பும்.

மூன்றாவது தாகம். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான். 1984இல் வெளியான ஓர் ஆய்வில் 67 முதல் 75 வயது வரையிலான ஆரோக்கியமான ஆண்களையும் இளைஞர்களையும் 24 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கச் செய்தார்கள். பிறகு வேண்டிய அளவு குடிக்கலாம் என்று விட்டபோது, பெரியவர்கள் தாகமும் குறைவாக உணர்ந்தார்கள், குடித்ததும் குறைவு. தண்ணீர் குறைந்திருப்பதை அவர்கள் மூளை உரத்துச் சொல்லவில்லை. சிறுநீரகமும் முன்போலத் தண்ணீரை இறுக்கிப் பிடிப்பதில்லை. "தாகமே இல்லப்பா" என்று என் அப்பா சொம்பைத் தள்ளிவைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே தாகம் எடுப்பதில்லை.

தோலும் சூட்டை உணர்வதில் மந்தமாகிறது. இதோடு மாத்திரைகள் வேறு. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சிறுநீர் பிரிய வைக்கும் மருந்துகள் உடம்பின் தண்ணீரைக் குறைக்கும். பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் இதயம் வேகமெடுப்பதைத் தடுக்கும். வெயில் காலத்தில் ஆடப்போகிறவர் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்தவே கூடாது.

ஆக, எழுபது வயது உடம்பில் எச்சரிக்கை மணி தாமதமாக அடிக்கிறது, மெதுவாகவும் அடிக்கிறது. ஜப்பானில் வெப்பத்தாக்குதலால் ஆம்புலன்ஸில் கொண்டுபோகப்படுவோரில் பாதிக்கு மேல் 65 வயது கடந்தவர்கள். அதனால் மணியை உடம்புக்கு வெளியே மாட்டிவைக்கிறார்கள்.

அந்த மணி ஒரு கையடக்கக் கருவி. பக்கவாட்டில் எலுமிச்சையைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு உருண்டை இருக்கும். 1950களில் அமெரிக்காவின் மரைன் படைப் பயிற்சி முகாம்களில் வெயிலில் சுருண்டு விழுந்த வீரர்களுக்காக உருவான WBGT என்ற வெப்பக் குறியீட்டை இது காட்டும். மூன்று வெப்பநிலைகளைச் சேர்த்துப் பார்க்கிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதற்கு 70 விழுக்காடு, வெயிலை வாங்கிச் சூடேறும் கறுப்பு உருண்டைக்கு 20, சாதாரணக் காற்று வெப்பநிலைக்கு வெறும் 10. கையடக்கக் கருவியில் ஈரத்துணி இருக்காது, காற்றின் ஈரப்பதத்தை அளந்து அந்த எண்ணைக் கணித்துக்கொள்ளும்.

நம் ஆற்றங்கரையில் காற்று 34 டிகிரி, ஈரத்துணி 28, உருண்டை 48 என்றால் குறியீடு 32.6. வறண்ட ஊர் ஒன்றில் காற்று 38, ஈரத்துணி 22, உருண்டை 52 என்றால் 29.6தான் வருகிறது. நான்கு டிகிரி கூடுதலாகச் சுடும் நாள் உடம்புக்கு லேசாக இருக்கிறது! வேலூர் வெயிலையும் சென்னைப் புழுக்கத்தையும் பட்டறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. புழுக்கம் என்ற சொல்லே இதைத்தான் சொல்கிறது: வியர்வை ஆவியாக இடமில்லாத காற்று.

ஜப்பானிய வழிகாட்டுதலில் இந்தக் குறியீடு 28ஐத் தாண்டினால் கடும் எச்சரிக்கை, 31ஐத் தொட்டால் பொதுவாக உடற்பயிற்சியே வேண்டாம். குறியீடு 33ஐ எட்டும் என்று கணிக்கும் நாளில் அரசே வெப்ப எச்சரிக்கை விடுக்கிறது. 2021 முதல் இது நாடு முழுவதும் நடக்கிறது. 2025 ஆகஸ்ட் 5 அன்று குன்மா மாகாணத்தின் இசேசாக்கியில் 41.8 டிகிரி பதிவான நாடு அது. பள்ளி மாணவர்கள் ஆடும் புகழ்பெற்ற கோஷியென் கோடைப் போட்டியிலேயே 2023 முதல் ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் உடம்பைக் குளிர்விக்கத் தனியாக நேரம் ஒதுக்குகிறார்கள். பதினேழு வயதுக்கே அது தேவைப்படுகிறது.

நடுவே பந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புழுக்கமான காற்று கனமானது, பந்து தூரம் போகாது என்று மைதானத்தில் சொல்வார்கள். உண்மை நேர்மாறு. நீராவி மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும்விட எடை குறைந்தது, ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட லேசு. 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தி ஆறு விழுக்காட்டுக்கு மேல் குறையும். உயரே அடித்த பந்து ஓரிரு மீட்டராவது கூடுதலாகப் போகும். இவர்கள் ஆடுவது சுமார் 138 கிராம் எடையுள்ள, உள்ளே காற்று மட்டும் இருக்கும் ரப்பர் பந்து. வெயிலில் கிடந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, தரையில் பட்டதும் இன்னும் எகிறும். பின்வாங்கி ஓடவேண்டிய அவுட்ஃபீல்டருக்கும் சுமை கூடுகிறது.

சரி, அந்தக் கேட்சருக்கு என்ன செய்யலாம்? உடம்பு விட முடியாத வியர்வையை நாமே வெளியிலிருந்து கொடுக்கலாம். முன்கையிலும் பிடரியிலும் தொடையிலும் தண்ணீரை ஊற்றி விசிறினால், ஆவியாகும் அந்தத் தண்ணீருக்கு அது வியர்வையா குழாய்த் தண்ணீரா என்று வித்தியாசம் தெரியாது. எடுக்கும் வெப்பம் ஒன்றுதான். நிழலுக்கு வந்ததும் கவசத்தைக் கழற்றிவிட வேண்டும், இரண்டு நிமிடமே கிடைத்தாலும்.

இன்னொன்று வாளி. உள்ளங்கை, உள்ளங்கால், முகம் ஆகிய இடங்களில் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் சிறப்புக் குழாய்கள் உண்டு. சூடான உடம்பில் இவை மதகுபோலத் திறந்து நிறைய ரத்தத்தை விடும். 10 முதல் 15 டிகிரி வரை உள்ள தண்ணீரில் கையை ஐந்து பத்து நிமிடம் வைத்தால், குளிர்ந்த ரத்தம் உள்ளே திரும்புகிறது. ஐஸையே அழுத்திப் பிடித்தால் மதகு மூடிக்கொள்ளும். கையுறை போட்டு வெந்துபோன இடது கைக்கு அந்த வாளி எவ்வளவு சுகமாக இருக்கும்!

குடிப்பதற்குப் பெரும்பாலும் வறுத்த வாற்கோதுமைத் தேநீர், அவர்கள் மொழியில் மூகிச்சா. காஃபீன் கிடையாது. கூடவே உப்பு மிட்டாய் அல்லது உமேபோஷி என்ற, உப்பில் ஊறிய புளிப்புப் பழம். தாகத்தை நம்ப முடியாது என்பதால் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு குவளை என்று கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது. இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவு.

உடம்பைப் பழக்கவும் முடியும். ஒன்றிரண்டு வாரம் தினமும் மிதமாக வெயிலில் நடந்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் போகும் உப்பும் குறையும். பெரியவர்களுக்கும் இது நடக்கும், சற்று மெதுவாக. மழைக்காலம் முடிந்து திடீரென்று வெயில் அடிக்கும் முதல் நாள்களில் ஆம்புலன்ஸ்கள் அதிகம் ஓடுவது இந்தப் பழக்கம் இன்னும் வராததால்தான்.

நான்காவது இன்னிங்ஸ் முடிந்து கேட்சர் பெஞ்சுக்கு வருகிறார். பக்கத்தில் இருப்பவர் "ஸ்கோர் என்ன?" என்று கேட்கிறார். தினமும் ஸ்கோரை விரல் நுனியில் வைத்திருப்பவர் விழிக்கிறார், அல்லது போன வாரத்து ஸ்கோரைச் சொல்கிறார். வெப்பம் மூளையைத் தொட்டுவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம். தோல் ஈரமாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. உடனே ஒருவர் அங்கே ஆம்புலன்ஸ் எண்ணான 119க்குப் போன் செய்ய வேண்டும். மற்றவர்கள் ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் நிழலில் படுக்கவைத்து, கவசம் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, துணிப்பந்தலின் ஓரத்தையோ ஸ்கோர் அட்டையையோ வைத்து விடாமல் விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வைக்கலாம். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். முதல் அரை மணி நேரத்துக்குள் உடம்புச் சூடு இறங்கிவிட்டால் பிழைத்து எழும் வாய்ப்பு மிக அதிகம்.