கம்பெனி அறிக்கையில் ‘புகார் 0’: உங்கள் மனு எங்கே போனது?

தண்ணீர், கார்பன் உமிழ்வு, கழிவு, தொழிலாளர் பாதுகாப்பு எல்லாவற்றையும் கம்பெனிகள் கணக்குப் போட்டு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை என்பார்கள்; கம்பெனியின் பொறுப்பும் நிலைத்தன்மையும் பற்றிய அறிக்கை என்று பொருள். சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயம். இந்த எண்களை வைத்தும்தான் கம்பெனிகளை ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறார்கள். பின்னணி இவ்வளவு போதும்.

அறிக்கையின் ‘அ’ பிரிவிலேயே ஒரு புகார் அட்டவணை இருக்கும். அதில் ‘சமூகங்கள்’ என்ற வரிசை ஆலையைச் சுற்றி வாழும் உங்களுக்கானது. இந்த ஆண்டு எத்தனை புகார் வந்தது, எத்தனை தீரவில்லை என்று சொல்ல வேண்டும்.

ஓர் ஊரில் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போய், திங்கட்கிழமை குறைதீர் நாளில் மாறி மாறி மனுக் கொடுத்திருந்தார்கள். பிளாஸ்டிக் கவரில் 11 ரசீதுகளை என் முன்னால் பரப்பி வைத்தார் ஒரு பெரியவர். மடிப்பில் மை அழிந்துபோயிருந்தது. அந்தக் கம்பெனியின் அறிக்கையில் ‘சமூகங்கள்’ வரிசையில் இருந்த எண்: 0.

கம்பெனியைக் கேட்டால் ஒரே பதில்: “எங்களுக்குப் புகார் எதுவும் வரவில்லை.” ஆலை வாசலில் கலெக்டர் ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். கலெக்டர் ஆபீசில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கைகாட்டினார்கள். வாரியத்தில் “ஆய்வில் உள்ளது” என்றார்கள். இத்தனை அலைச்சலிலும் ஒரு தாள்கூடக் கம்பெனியின் பதிவேட்டில் ஏறவில்லை.

ஆகவே மனுவை அரசுக்குக் கொடுங்கள், அதோடு கம்பெனிக்கும் கொடுங்கள். வாட்ச்மேனிடம் நீட்டிவிட்டு வராதீர்கள். கம்பெனியின் பதிவு அலுவலக முகவரிக்கு, கம்பெனி செயலாளர் பெயருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள். அறிக்கையின் புகார் அட்டவணையில் புகார் முறைக்கான இணைய முகவரியும் இருக்கும், அங்கேயும் பதியுங்கள். மார்ச் 31-க்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுக் கணக்குதான். ஊர்கூடி ஒரே மனுவில் 200 கையெழுத்துப் போட்டால் அதை ஒரே புகாராக எண்ணிவிட இடமுண்டு. தனித்தனியாக எழுதுங்கள்.

வாசல் பலகையில் உள்ள பெயரை நம்பாதீர்கள். ஆலை துணை நிறுவனத்தின் பெயரில் இருக்கலாம். தாய்க் கம்பெனி தன் கணக்கை மட்டும் தனியாகக் காட்டினால் உங்கள் ஆலை அறிக்கையிலேயே இருக்காது. ‘தனித்தா, ஒருங்கிணைந்தா’ என்ற வரியை முதலில் பாருங்கள்.

அடுத்த பொறி ‘செறிவு’, அதாவது ஒரு ரூபாய் விற்றுமுதலுக்கு எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கு. போன வருஷம் 100 கோடி விற்பனைக்கு 10 லட்சம் கிலோலிட்டர், இந்த வருஷம் 125 கோடிக்கு 11 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அறிக்கை ‘12 சதவீதம் குறைந்தது’ என்று சொல்லும். செலவழித்த தண்ணீரோ 10 சதவீதம் கூடியிருக்கிறது. உங்கள் கிணற்றுக்கு மொத்தம்தான் கணக்கு. அந்த எண்ணும் அறிக்கையின் தண்ணீர் அட்டவணையில் இருக்கும், அதைக் கேளுங்கள்.

அதுவும் கம்பெனி முழுமைக்குமான எண். தண்ணீர்ப் பஞ்சப் பகுதியில் ஆலைவாரியாக எவ்வளவு எடுத்தார்கள் என்ற கேள்வி விருப்பப் பகுதியில் கிடக்கிறது. பதில் சொல்லாவிட்டால் குற்றமில்லை. இதை இப்படி வைத்தது எனக்கு ஆறவே ஆறாது.

‘வெளியார் சரிபார்த்தது’ என்ற முத்திரையைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். பெரிய கம்பெனிகளுக்குக் கட்டாயமான அந்தச் சரிபார்ப்பு ‘கோர்’ என்ற குறிப்பிட்ட எண்களுக்குத்தான்; ஊர்க்காரர் புகார் வரிசை அதில் இல்லை.

அறிக்கை பொய் என்றால்? செபியின் ‘ஸ்கோர்ஸ்’ என்ற இணையப் புகார் தளம் முதலீட்டாளர்களுக்கானது. ஊரில் யாராவது அந்தக் கம்பெனியின் பங்கு வைத்திருந்தால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவர் கேட்கலாம். அத்தாட்சிச் சீட்டுகளின் தேதியைச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள்.