குழாய்ச் சுவரை ஒட்டிய அரை மில்லிமீட்டர்

தாமிரபரணிக் கரை வாழைத் தோட்டங்களில் மோட்டார் இறைக்கும் நீர் பி.வி.சி. குழாய் வழியே ஓடுவதைக் காணலாம். 75 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஒரு குழாயில் நீரின் சராசரி வேகம் நொடிக்கு 1 மீட்டர் என்று கொள்வோம். ஓடும் வேகத்தின் உந்தம் நீரின் பாகுநிலையை, அதாவது ஒட்டித் தடுக்கும் தன்மையை, எவ்வளவு விஞ்சுகிறது என்பதைக் காட்டும் ரெய்னால்ட்ஸ் எண் இங்கே ஏறத்தாழ 90,000. 4,000-ஐத் தாண்டினாலே ஓட்டம் பொதுவாகச் சுழல்கள் மலிந்த கொந்தளிப்பாகிவிடும்.

சுவரைத் தொடும் நீர் நகர்வதில்லை. அங்கிருந்து சுமார் 0.1 மில்லிமீட்டர் வரை, ஒரு தாளின் கனத்துக்குள், சுழல்கள் எழ இடமில்லாததால் நீரின் பாகுநிலையே ஆட்சி செய்கிறது. வேகம் தூரத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது. அரை மில்லிமீட்டரை அடைவதற்குள் அது நொடிக்கு 0.6 மீட்டரைத் தொட்டுவிடுகிறது. மையம் 37 மில்லிமீட்டருக்கு அப்பால் இருக்க, வேகத்தில் பாதிக்கு மேல் இந்த அரை மில்லிமீட்டரிலேயே கிடைத்துவிடுவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

அதற்கப்பால் நடப்பதை 1930-இல் பாய்ம இயக்கவியல் அறிஞர் தியோடோர் வான் கார்மன் விளக்கினார். சுவரிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறோமோ அந்த அளவுக்கே அங்குள்ள சுழல்களும் பெரிதாக இருக்க முடியும். பெரிய சுழல் நீரை நன்கு கலக்கிவிடுவதால், விலக விலக வேகம் ஏறும் வீதம் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அவ்வாறு ஏறும் வேகம் தூரத்தின் மடக்கையாக அமைகிறது. அதில் வரும் கார்மன் மாறிலி ஏறத்தாழ 0.4.

கணினியில் இந்த ஓட்டத்தைக் கணக்கிடுபவருக்குச் சுவரோரமே பெருஞ்செலவு. குழாயின் உட்பகுதியைச் சிறு கட்டங்களாகப் பிரித்தே கணக்கிடுவார்கள்; சுவரோரம் அந்தக் கட்டங்களை 0.02 மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்க வேண்டும். அதைத் தவிர்க்க, முதல் கட்டத்தின் நடுப்புள்ளியை அரை மில்லிமீட்டருக்கு அப்பால் வைத்து, அங்குள்ள வேகத்திலிருந்து மடக்கை விதியைக் கொண்டே சுவரின் உராய்வைக் கணிப்பது வழக்கம். இதற்குச் சுவர்ச் சார்பு என்று பெயர். சிக்கனமான வழிதான். ஆனால், அந்தப் புள்ளி நேர்விகித விதியும் மடக்கை விதியும் பொருந்தாத இடைப்பகுதியில் விழுந்தாலோ, வளைவுகளில் ஓட்டம் சுவரை விட்டுப் பிரிந்தாலோ விடை பிழைத்துவிடும்.

வழவழப்பு என்பதும் கைக்குத் தெரிவதன்று. மேடுபள்ளங்கள் அந்த 0.1 மில்லிமீட்டர் அடுக்குக்குள் அடங்கினால் மட்டுமே ஓட்டத்துக்குச் சுவர் வழவழப்பானது. வேகத்தை இருமடங்காக்கினால் அடுக்கு ஏறத்தாழப் பாதியாக மெலிகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு உள்ளே படிந்துவிட்ட பழைய குழாய்க்கு வழவழப்பான சுவரின் மாறிலிகளைப் பயன்படுத்தினால், மோட்டார் தள்ள வேண்டிய அழுத்தம் கணக்கில் குறைவாகவே வரும்.