மாற்றுத்திறனாளி உதவித்தொகை: எந்த ஆபீஸ், எத்தனை சதவீதம்?

மாற்றுத்திறனாளி பணம் என்று ஊரில் சொல்வது ஒன்றல்ல, இரண்டு. இரண்டுக்கும் ஆபீஸ் வேறு, விதி வேறு. இது தெரியாமல்தான் திட்டக்குடியில் இருந்தும் காட்டுமன்னார்கோயிலில் இருந்தும் பஸ் மாறி மாறி கடலூர் மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசுக்கு வந்து, "இது இங்க இல்லம்மா, தாலுகா ஆபீஸ்ல போய்க் கேளு" என்ற ஒரே பதிலோடு திரும்பிப் போகிறார்கள். அந்தப் பதிலைச் சொல்பவர், எந்தத் தாலுகா, யாரைப் பார்க்க வேண்டும் என்று கூட ஒரு வார்த்தை சொல்வதற்கு என்ன செலவாகிவிடும்?

நான் சொல்கிறேன். முதலாவது, உங்கள் தாலுகா ஆபீசில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் தரும் ஓய்வூதியம். குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஏழ்மையும் இருக்க வேண்டும். 2023 ஜனவரியில் இது 1,500 ரூபாய் ஆனது. இரண்டாவது, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000. கை கால் பாதிப்பு என்றால் இதற்கு 75 சதவீதம் வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு என்றால் 40 போதும். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் தனிப் பிரிவு உண்டு. இரண்டு பணத்தையும் ஒருவரே வாங்க முடியாது.

ஆக, எல்லாமே டாக்டர் குறைபாட்டுச் சான்றிதழில் எழுதும் அந்தச் சதவீதத்தில்தான் நிற்கிறது. உங்கள் கஷ்டத்தில் இல்லை.

ஒரு கண் முழுக்கப் போய், இன்னொரு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான். ஓய்வூதியம் கிடையாது. ஒரு காது கேட்காதவரும் அப்படித்தான். சட்டம் இரண்டு காதையும் சேர்த்தே பார்க்கிறது. காலில் 40, காதில் 40 என்றால் 80 ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். அதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள், அதில் 62தான் வரும். டயாலிசிஸ் செய்துகொள்பவர், இதய நோயாளி, புற்றுநோயாளி ஆகியோரைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அந்த நோய்கள் இல்லை. ஹீமோபிலியா, தலசீமியா என்ற ரத்த நோய்கள் இருக்கின்றன. குழந்தைக்கு அவை இருந்தும் விண்ணப்பிக்காமல் இருக்கும் பெற்றோர் உண்டு.

சதவீதம் அளவுக்கே சான்றிதழில் உள்ள நோயின் பெயரும் முக்கியம். பண்ருட்டிப் பக்கம் பலாமரத்தில் இருந்து விழுந்த ஒருவரின் சான்றிதழைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை, சிறுநீர்ப் பையோடு படுக்கையில் இருக்கிறார். சான்றிதழில் "இரு கால்களிலும் இயக்கக் குறைபாடு, 70 சதவீதம்" என்று மட்டும் இருக்கிறது. முதுகுத்தண்டு என்ற சொல்லே இல்லை. அதனால் தனிப் பிரிவில் பார்க்காமல், வெறும் கால் பாதிப்பாக எடுத்து, 75 இல்லை என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டிலும் தண்டுவடக் காயம் என்று தெளிவாக இருந்தது. சான்றிதழ் தரும் முகாம் அன்று அதை யாரும் எடுத்துப் போகவில்லை, டாக்டரும் கேட்கவில்லை. நீங்கள் ஜிப்மரிலோ வேறெங்கோ பார்த்த பழைய ரெக்கார்டு அத்தனையையும் கொண்டுபோய் மேஜையில் வையுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் நோயின் பெயர், சதவீதம், நிரந்தரமா தற்காலிகமா என்ற மூன்றையும் அங்கேயே படித்துப் பாருங்கள். தற்காலிகம் என்றால் முடியும் தேதி போட்டிருக்கும். அந்தத் தேதி தாண்டிப் பணம் நின்ற பிறகு ஓடுவதில் பயனில்லை.

கூலிக்காரரின் உடம்பை ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்பவரின் உடம்பைப் போலவே அளப்பது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். வலது கை நசுங்கிய முந்திரித் தொழிலாளிக்கு 35 சதவீதம் என்று எழுதினால், அவருடைய பிழைப்பில் போனது 35 சதவீதமா? தகுதி என்பது அவர் இழந்த வேலையையும் பார்க்க வேண்டும். விதி இன்று அப்படி இல்லை.

சரி, சதவீதம் சரியாக இருந்தாலும் அலைச்சல் உண்டு. ஓய்வூதியத்துக்கு வி.ஏ.ஓ. விசாரிக்க வரும்போது, "மகன் இருக்கிறானே" என்ற ஒரு காரணத்தோடு மனு முடிந்துபோகும். மகன் தனிக்குடித்தனமா, தனி ரேஷன் கார்டா, உண்மையில் பார்த்துக்கொள்கிறானா என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். வாயால் சொன்னது ஃபைலில் ஏறாது. பாகூர், கிருமாம்பாக்கம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய்த் திரும்பி வந்த பெண்களுக்கு இன்னொரு சிக்கல்: ஆதார் புதுச்சேரியில், ரேஷன் கார்டு கடலூரில். குறைபாட்டுச் சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும், ஆனால் பணம் தருவது அந்தந்த அரசு. முதலில் முகவரியை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள்.

1,500 வாங்குபவர் 2,000-க்கு மாற நினைத்தால் அவசரப்படாதீர்கள். "பழையதை ரத்து பண்ணிட்டு வாங்க" என்பார்கள். ரத்து உடனே நடக்கும், புதியது காத்திருப்போர் பட்டியலில் கிடக்கும், நடுவில் கையில் ஒன்றும் இருக்காது. பட்டியலில் எந்த இடம், எப்போது ஆணை வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே ரத்துக்குக் கையெழுத்துப் போடுங்கள்.

சான்றிதழ் செல்லுபடியாக இருக்கும்போதே "புதுசா ஒண்ணு வாங்கிட்டு வா" என்று ஒரு ஆபீஸ் சொன்னால், ஏன் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டார்கள். நீங்கள் எழுதுங்கள்: திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணைச் சொல்லி முதல்வர் உதவி மைய எண் 1100-க்குப் பேசுங்கள்.

சதவீதம் தவறு என்று பட்டால் 2016 சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் நின்று "75 போட வைக்கிறேன்" என்று பணம் கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள். பொய்யான சான்றால் சலுகை வாங்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். மாட்டுவது அவர் அல்ல, சான்றிதழில் பெயர் உள்ள நீங்கள்தான்.