மண்டபம் எடுத்தாச்சு, பாருக்கு அனுமதி எடுத்தீர்களா?

இங்கிலாந்தில் லைசென்சிங், அதாவது மது விற்பனைக்கும் பாட்டு நிகழ்ச்சிகளுக்குமான அனுமதி விஷயங்களைப் பார்க்கும் சட்டத்தரணியாக வேலை செய்கிறேன். கிராம மண்டபங்களை நடத்தும் தன்னார்வக் குழுக்களும் என்னிடம் வருகின்றன, அந்த மண்டபங்களை வாடகைக்கு எடுக்கும் நம்மவர்களும் வருகிறார்கள். நகரத்து வாடகை கட்டுப்படியாகாமல், வயலுக்கும் தேவாலயத்துக்கும் நடுவில் நிற்கும் மண்டபத்தைத் தேடிப் போகிறோம். சாமத்திய வீடு, ஐம்பதாவது பிறந்தநாள், பழைய மாணவர் ஒன்றுகூடல் எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. சாவி கையில் கிடைத்தால் எல்லா அனுமதியும் கிடைத்த மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள்.

ஒரு பழைய மாணவர் சங்கத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். பாடசாலைக்குக் காசு சேர்க்க ஒரு சனிக்கிழமை இரவு விருந்து. டிக்கெட்டோடு இரண்டு கிளாஸ் வைன் அல்லது பியர், இரவு ஒரு மணி வரை பைலா. செயலாளர் எனக்கு போன் எடுத்து, "நாங்கள் சாராயம் விற்கவில்லை, அது டிக்கெட்டுக்குள் அடக்கம்தானே?" என்று கேட்டார். டிக்கெட் காசுக்குள் குடிவகை அடங்கினால் அது விற்பனைதான். மேசையில் 'நன்கொடை' என்று எழுதிய பெட்டி வைத்து, காசு போட்டவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தாலும் விற்பனைதான். உங்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வந்தவர்களுக்கு நீங்களே வாங்கி இலவசமாகக் கொடுத்தால் லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆட்கள் தங்கள் போத்தலைத் தாங்களே கொண்டு வந்தாலும் அப்படித்தான், ஆனால் அதற்கு மண்டபக் குழு சம்மதிக்க வேண்டும்.

அந்த மண்டபத்துக்கு நிரந்தர லைசென்ஸ் இல்லை. அப்படியான இடத்தில் விற்பதற்கு, அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டுமான 'டெம்பரரி ஈவென்ட் நோட்டீஸ்' ஒன்றை உள்ளூர் கவுன்சிலுக்குக் கொடுக்க வேண்டும். அதைச் சுருக்கமாக 'டென்' என்போம். கட்டணம் 21 பவுண். வேலைக்காரரையும் சேர்த்து ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. செயலாளர் அதை ஒரு திங்கட்கிழமை அனுப்பினார். விழாவுக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது, 10 நாள்தானே கேட்கிறார்கள் என்பது அவர் கணக்கு.

சட்டம் கேட்பது 10 முழு வேலை நாட்கள். கவுன்சிலுக்குக் கிடைத்த நாளும் விழா நாளும் கணக்கில் வராது, சனி, ஞாயிறு, வங்கி விடுமுறையும் வராது. செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு, அடுத்த கிழமை ஐந்து, மொத்தம் ஒன்பது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அனுப்பியிருந்தால் சரியாகப் பத்து வந்திருக்கும். ஒரே ஒரு வேலை நாள் குறைந்ததால் அது 'பிந்திய' நோட்டீஸ் ஆகிவிட்டது. நேரத்துக்குக் கொடுத்த நோட்டீஸை பொலிஸோ சுற்றாடல் சுகாதாரப் பிரிவோ எதிர்த்தால், கவுன்சில் விசாரணை வைத்து உங்கள் பக்கத்தையும் கேட்கும். பிந்திய நோட்டீஸுக்கு விசாரணையே கிடையாது, ஒரு எதிர்ப்பு வந்தாலே முடிந்தது. சத்தத்தைக் காரணம் காட்டி சுகாதாரப் பிரிவிலிருந்து எதிர்ப்பு வந்தது. வியாழக்கிழமை இரவு அந்தச் செயலாளர் 180 பேருக்கும் மெசேஜ் போட்டு, டிக்கெட்டில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. மனுஷன் குரலே உடைந்துபோய்ப் பேசினார்.

பாட்டையாவது காப்பாற்ற முடிந்தது. மதுவுக்கு லைசென்ஸ் இல்லாத கிராம மண்டபத்தில், குழு முன்கூட்டியே எழுத்தில் சம்மதித்தால், காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை 500 பேர் வரைக்கும் பாட்டுக் கச்சேரியோ டீஜேயோ வைக்கலாம். 2015 ஏப்ரலில் வந்த தளர்வு அது. ஒலிபெருக்கி இல்லாத தவில், நாதஸ்வரத்துக்கு அந்த நேரத்துக்குள் ஆள் கணக்குக்கூட இல்லை. டிக்கெட் போட்ட விழாவில் 11 மணிக்குப் பிறகும் பாட்டு வேண்டுமென்றால் அதற்கும் டென் எடுக்க வேண்டும். சூடான கொத்துரொட்டியை 11 மணிக்குப் பிறகு விற்பதற்கும் பொதுவாக அனுமதி தேவை, இது பலருக்குத் தெரியாது.

மண்டபத்தைப் பார்க்கப் போகும்போது மேடைப் பக்கச் சுவரில் சிறிய விளக்குகள் உள்ள பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அது சவுண்ட் லிமிட்டர். சத்தம் எல்லை தாண்டினால் சிவப்பு எரியும், கொஞ்ச நேரத்தில் மேடை பிளக்குகளுக்குக் கரண்ட் நின்றுவிடும். பப்பரே பாண்ட் வாத்தியம் அடிக்கத் தொடங்கி இரண்டாவது நிமிடமே அப்படி நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உடனே டீஜே சமையலறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்தார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டெபாசிட் போவது ஒருபக்கம், அடுத்த முறை நம்மவர் யார் கேட்டாலும் மண்டபம் கிடைக்காது.

மண்டபக் குழுக்களில் இருக்கும் தமிழர்களுக்கும் ஒன்று. ஒரு இடத்துக்கு வருடத்தில் 15 டென்தான். அதற்கு மேல் பார் வேண்டுமென்றால் 2003ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டத்தின்கீழ் நிரந்தர லைசென்ஸ் எடுங்கள். நீல நோட்டீஸ் ஒட்டி, 28 நாள் ஊர் அபிப்பிராயத்துக்குக் காத்திருக்க வேண்டும். பொறுப்பாளராக யாராவது தனிநபர் லைசென்ஸ் எடுக்க வேண்டுமே என்று பயந்து பல குழுக்கள் பின்வாங்குகின்றன. 2009 முதல் கிராம மண்டபங்களுக்கு அந்தக் கட்டாயத்தை நீக்கக் கேட்கலாம், குழுவே கூட்டாகப் பொறுப்பு ஏற்கலாம். நல்ல ஏற்பாடு, ஆனால் பொறுப்பு உண்மையானது. அனுமதி இல்லாமல் விற்றால் ஆறு மாதம் வரை சிறையும் எல்லையில்லா அபராதமும் வரலாம். 18 வயது ஆகாதவருக்கு விற்பது தனிக்குற்றம். பாரில் நிற்கும் மாமா "நம்முடைய பிள்ளைதானே" என்று கிளாஸை நீட்டும் இடத்தில்தான் அது நடக்கிறது.

அடுத்த வருடம் அந்தச் சங்கம் விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ் கொடுத்தது. பாட்டு 12 மணி வரை மட்டும். செயலாளரும் மனைவியும் மண்டபத்தை ஒட்டிய மூன்று வீடுகளுக்கும் போய், போன் நம்பர் எழுதிய துண்டைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். எதிர்ப்பு எதுவும் வரவில்லை. விழா அன்று பதினொன்றரைக்கு ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. சமையலறைப் பின்கதவு திறந்து கிடந்திருக்கிறது. போய்ச் சாத்தினார்கள்.