பிறழ்வா, திரிபா?

"பிசிஎஸ்கே9 மரபணுப் பிறழ்வால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு குறைவு." போன வாரம் ஒரு மருத்துவத் துண்டறிக்கையில் படித்தேன். மாரடைப்பிலிருந்து தப்பியவர் எப்படி ஐயா பாதிக்கப்பட்டவர் ஆவார்?

ஆங்கில மூலத்தில் இருப்பது 'வேரியன்ட்' (variant). மாறுவது என்ற பொருள் கொண்ட லத்தீன் வேர், அவ்வளவுதான். நல்லதா கெட்டதா என்று அந்தச் சொல் சொல்வதில்லை. 'பிறழ்வு' சொல்லிவிடுகிறது. கோர்ட்டில் வாக்குமூலத்தை மாற்றிப் பேசினால் பிறழ் சாட்சி, புத்தி தடுமாறினால் மனப்பிறழ்வு. இதைக் கொண்டுபோய் மரபணுவில் ஒட்டினால் சோதனை முடிவை வாங்கியவருக்குப் பாதி உயிர் போய்விடும்.

பிசிஎஸ்கே9 கதையே இதற்குப் பதில். ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் எனும் 'கெட்ட' கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுக்கக் கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் உண்டு. பிசிஎஸ்கே9 மரபணு உண்டாக்கும் புரதம் அந்த ஏற்பிகளை அழிவுக்கு அனுப்பிவிடும். 2003இல் பிரெஞ்சுக் குடும்பங்கள் சிலவற்றில் கண்ட அரிய மாற்றம் புரதத்தை முடுக்கிவிட்டு கொலஸ்ட்ராலை ஏற்றியது. 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கோஹன், ஹாப்ஸ் குழுவினர் வெளியிட்டது நேர் எதிர். ஆய்வில் இருந்த அமெரிக்கக் கறுப்பினத்தவரில் 2.6 சதவீதம் பேரிடம் புரதத்தை முடக்கும் மாற்றம் இருந்தது, அவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு, 15 ஆண்டுக் கண்காணிப்பில் இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவு. அதே வழியைப் பின்பற்றிய ஊசி மருந்துகள் 2015இல் சந்தைக்கு வந்தன. ஒரே மரபணுவில் ஒன்று ஏற்றுகிறது, இன்னொன்று இறக்குகிறது. இரண்டுக்கும் 'பிறழ்வு' என்றே பெயரா?

சரி, 'மரபணு மாற்றம்' என்று போடலாமே என்பார்கள். அதைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு ஆய்வகத்தில் மரபணுவை மாற்றிய கத்தரிக்காய்தான் நினைவுக்கு வரும். 'மாறுபாடு' தப்பில்லை, ஆனால் ரொம்பப் பொதுவான சொல், எதற்கு வேண்டுமானாலும் போடலாம்.

என் ஓட்டு 'திரிபு'க்குத்தான். பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம், ன் ற் ஆகத் திரிந்தது. பொற்குடத்தை யாரும் ஓட்டைக்குடம் என்பதில்லை. மரபணுவில் நடப்பதும் எழுத்து மாறுவதுதானே? பால் திரிந்தால் கெட்டுப்போச்சு என்கிறோமே, செய்தியைத் திரிக்கிறார்களே என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்மைதான், கறை கொஞ்சம் அதிலும் உண்டு. ஆனால் டெல்டா திரிபு, ஒமைக்ரான் திரிபு என்று கொரோனா காலத்திலேயே ஊர் முழுக்கப் பழகிவிட்டது. பழகிய சொல்லை விட்டுவிட்டு அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்களை என்ன செய்வது?

அப்புறம் அதே துண்டறிக்கையில், புரதத்தை முடக்கும் திரிபுக்கு 'செயலிழப்புப் பிறழ்வு' என்று பெயர். சிறுநீரகம் செயலிழந்தது மாதிரி! இலக்கணத்தில் மரம் + வேர் மரவேர் ஆகும்போது ம் போவதற்குக் 'கெடுதல்' என்று பெயர். நல்லவேளை, அதை யாரும் இன்னும் துண்டறிக்கையில் போடவில்லை. 'முடக்கும் திரிபு', 'முடுக்கும் திரிபு' என்று நான் எழுதிக்கொள்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.