தூக்கிப் பார்த்து வாங்கும் மவுண்டன் சைக்கிள்

மவுண்டன் சைக்கிள் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களையே செய்கிறார்கள்: சற்றுத் தள்ளி நின்று அதன் தோற்றத்தைப் பார்க்கிறார்கள், பிறகு மேற்குழாயைப் பிடித்து ஒரு கையால் தூக்கிப் பார்க்கிறார்கள். திருகோணமலையில் நெடுங்காலமாகச் சைக்கிள் திருத்தி வருபவன் என்ற முறையில், இந்த இரண்டு சோதனைகளிலும் தேறிய வண்டிகள் எத்தனையோ சில மாதங்களிலேயே என்னிடம் வந்து நிற்பதைக் கண்டு மனம் வருந்தியிருக்கிறேன்.

பிள்ளைகளின் கண்ணை முதலில் இழுப்பது பின்சில்லுக்கு முன்னால் தெரியும் தடித்த சுருள்வில்தான். மலிவான வண்டிகளில் அது பெரும்பாலும் வெறும் வில். துள்ளலை அடக்கும் எண்ணெய் அமைப்பு அதனுள் இருப்பதில்லை. கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியில் அதை ஓட்டிப் பார்த்தால், ஒவ்வொரு மிதிக்கும் வண்டி அமுங்கி எழுவதையும், காலின் பலத்தில் ஒரு பங்கு வில்லை அமுக்குவதிலேயே வீணாவதையும் உணரலாம். இத்தகைய வண்டி 17, 18 கிலோ வரை இருக்கும். பின்வில் இல்லாத அலுமினிய வண்டியோ 14, 15 கிலோவில் கிடைக்கும்.

அப்படியானால் பாரம் குறைந்ததையே வாங்கலாமே என்று கேட்பீர்கள். கை அறிவது மொத்தப் பாரத்தை மட்டுமே. அது வண்டியில் எங்கே இருக்கிறது என்பதைக் கை அறியாது. 65 கிலோ எடையுள்ளவர் 15 கிலோ வண்டியில் ஏறினால் மொத்தம் 80 கிலோ. வண்டியில் ஒரு கிலோ குறைந்தாலும் சமதரையான நிலாவெளி வீதியில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அதே ஒரு கிலோ ரிம்மிலும் டயரிலும் கூடியிருந்தால், நின்ற இடத்திலிருந்து வேகமெடுக்கும்போது ஏறத்தாழ இரண்டு கிலோவுக்குரிய சுமையாகத் தெரியும். காட்டுப் பாதைக்கான பெரிய பற்களுள்ள டயர் தார் வீதியில் ஓட்டத்தையும் பிடித்து இழுக்கும். ஆகவே பிறேமை விட்டுவிட்டுச் சில்லுகளையே முதலில் பாருங்கள்.

பருத்த குழாய் என்றால் அலுமினியம் என்ற எண்ணமும் தவறு. இரும்புக் குழாயையும் பருமனாகச் செய்து வர்ணம் பூசிவிடலாம். ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பார்த்தால் ஒட்டுவது இரும்பு என்று தெரிந்துவிடும்.

அலுமினியத்துக்கும் நம் கடற்காற்றில் ஒரு துன்பம் உண்டு. ஒரு மாணவனின் வண்டி வந்தது. பிள்ளை வளர்ந்துவிட்டதால் சீற்றை உயர்த்த வேண்டும். அது அசையவே இல்லை. அலுமினிய பிறேமுக்குள் இரும்புச் சீற் குழாய். உப்பு ஈரம் இறங்கி, அலுமினியம் அரித்து, விளிம்பெங்கும் வெண்பொடி படிந்திருந்தது. அந்தப் பொடி இடைவெளியை அடைத்துக் குழாயை இறுக்கிவிட்டது. இரண்டு நாள் எண்ணெய் விட்டும் அசையாததால், மேலே அறுத்துவிட்டு உள்ளே இருந்ததை வாள் அலகால் நெடுக அறுத்துத் துண்டு துண்டாக எடுத்தேன். “பாரமில்லாத சைக்கிள் எண்டுதானே அண்ணை வாங்கினனான்,” என்றார் தகப்பனார். அவர் மேல் பிழையில்லை. கடையில் எவரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை.

வாங்குமுன் வண்டியின் இருபுறமும் கால் ஊன்றி நின்று, மேற்குழாய்க்கு மேலே நான்கு விரல் இடைவெளியாவது இருக்கிறதா என்று பாருங்கள். வீதியில் ஒரு சுற்று ஓட்டி, இரண்டு பிறேக்கையும் அழுத்திப் பாருங்கள். பணம் கொடுக்குமுன் சீற் குழாயை வெளியே எடுத்து, கிறீஸ் பூசி மீண்டும் போட்டுத் தரும்படி கேளுங்கள். அது ஐந்து நிமிட வேலைதான்.