அரைத் தக்கைவெட்டியா, தோள்குண்டா?

‘செமி வாட்கட்டர்’ என்கிற துப்பாக்கிக் குண்டு வகைக்கு ‘அரைத் தக்கைவெட்டி’ என்று யாரோ ஒரு புண்ணியவான் தமிழ் செய்துவைத்துவிட்டார். காரைக்குடிப் பக்கமிருந்து துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிற பையன்கள் வாயிலும் இப்போது அதுதான் வருகிறது. ஒரு தடவை கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தால் என்ன செய்வது?

முதலில் பொருள். பழைய துப்பாக்கியில் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே கம்பளியிலோ அட்டையிலோ வட்டமாக வெட்டிய துண்டு ஒன்றை வைப்பார்கள். அதுதான் ‘வாட்’. அதை வெட்டி எடுக்கும் கருவி ‘வாட்கட்டர்’. முகம் தட்டையான குண்டு காகித இலக்கில் பட்டால், அதே கருவி பட்டதுபோல ஒரு வட்டத்தை வெட்டிக்கொண்டு போகும். அதனால் கருவியின் பெயர் குண்டுக்கும் வந்துவிட்டது. உருண்டை மூக்குக் குண்டு அப்படியில்லை. காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும், ஓரம் பிசிறடிக்கும். துளை உள்கோட்டைத் தொட்டாலே கூடுதல் புள்ளி என்கிற விளையாட்டில், பிசிறடித்த துளையைப் பார்த்து 9-ஆ 10-ஆ என்று மல்லுக்கட்ட வேண்டியதுதான். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் போடும் 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டின் தலை தட்டையாக இருப்பதும் இதற்காகத்தான்.

சரி, ‘தக்கை’ எங்கே வந்தது? தக்கை என்றால் புட்டியை அடைப்பது, தண்ணீரில் மிதப்பது. நாட்டுத் துப்பாக்கியில் மருந்தின்மேல் வைத்து இடிக்கும் தேங்காய் நாரைத் தக்கை என்றால்கூட ஒப்புக்கொள்வேன், அது அடைக்கிறது. காகிதத்திலிருந்து கழன்று விழும் வட்டத் துணுக்கு எதை அடைக்கிறது? அதற்கு நம்மிடம் ‘வில்லை’ இருக்கிறது. கற்பூர வில்லை என்கிறோம். தாலுகா கச்சேரிச் சேவகர் மார்பில் குத்தியிருந்த பித்தளை வட்டமும் வில்லைதான். ஆக, வாட்கட்டர் என்பது வில்லைவெட்டி.

‘அரை’ இதைவிட மோசம். அரைத் தக்கைவெட்டி என்றால் கேட்பவன் என்ன நினைப்பான்? பாதி வட்டம்தான் வெட்டும் என்றுதானே? உண்மையில் இது முழு வட்டத்தையே வெட்டுகிறது. வித்தியாசம் உருவத்தில் இருக்கிறது. முழு வில்லைவெட்டி தலை மொட்டையான உருளை. ரிவால்வரின் அறையில் கையால் போடும்போது தொல்லை இல்லை. தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலில் அது பெரும்பாலும் அறைக்குள் ஏறுகிற சரிவில் முட்டி நின்றுவிடும். அதற்கென்றே செய்த போட்டித் துப்பாக்கிகள் சில உண்டு, அவை விலக்கு. இந்தத் தொல்லை தீர, முன்பக்கம் நுனி நறுக்கிய கூம்பு ஒன்றை வைத்து, கூம்பு முடிகிற இடத்தில் குண்டின் முழு அகலத்துக்கும் கூரான விளிம்பை விட்டார்கள். கூம்பு சரிவில் ஏறும், விளிம்பு வட்டத்தை வெட்டும். அமெரிக்காவில் துப்பாக்கிகளைப் பற்றி எழுதிவந்த எல்மர் கீத் 1920களின் கடைசியில் 0.44 அங்குல ரிவால்வருக்காக வடிவமைத்ததுதான் இந்த வகையில் பேர்போனது. பிறகு 0.45 பிஸ்டல்காரர்களிடம் 200 கிரெய்ன் எடையுள்ளது நிலைத்துவிட்டது. 200 கிரெய்ன் சுமார் 13 கிராம், எங்கள் ஊர்க் கணக்கில் ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேலே.

அந்த விளிம்பை ஆங்கிலத்திலேயே ‘ஷோல்டர்’, அதாவது ‘தோள்’ என்றுதான் சொல்கிறார்கள். அப்புறம் நமக்கென்ன தயக்கம்? தோள்குண்டு. வேலை செய்கிற உறுப்பின் பெயரே பொருளுக்கும் ஆகிவிட்டது.

இங்கே ‘தோள்தோட்டா’ என்று திருத்த ஒருவர் வருவார், தெரியும். இந்தத் தோட்டா விவகாரத்தைத்தான் நான் விடுவதாக இல்லை. ‘காலில் தோட்டா பாய்ந்தது’, ‘வயிற்றிலிருந்து தோட்டா அகற்றம்’ என்று செய்தி எழுதுகிறார்கள். தோட்டா என்பது முழுப் பொட்டலம். கூடு, அதன் அடியில் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு, நாலும் சேர்ந்தால்தான் துப்பாக்கித் தோட்டா. சுட்டால் கூடு துப்பாக்கியிலேயே தங்கும், இல்லையென்றால் சுடுகிறவன் பக்கத்தில் விழும், பறந்து போவது குண்டு மட்டும். 1857-இல் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்தது கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டாவை. குண்டை யாரும் கடிக்கச் சொல்லவில்லை. கிணறு வெட்டுகிறவர்கள் பாறையில் வைப்பதும் தோட்டாதான். அதில் குண்டே கிடையாது, மருந்து மட்டும்தான். அவர்களுக்குத் தெரிந்த வித்தியாசம் செய்தி எழுதுகிறவருக்குத் தெரியவில்லை.

தோட்டா வடக்கிலிருந்து வந்த சொல், துப்பாக்கியும் துருக்கியிலிருந்து வந்தது, அதனால் இரண்டையும் துரத்து என்று சொல்லும் ஆள் நானில்லை. மலாய்க்காரன் கிண்ணத்தை ‘மங்கு’ ஆக்கி வீடு நிறைய மங்குச் சாமான் அடுக்கிய ஊர்க்காரனுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. வந்த சொல் வந்த வேலையைச் செய்யட்டும் என்கிறேன், அவ்வளவுதான். ‘புல்லட்’ பிரெஞ்சுக்காரனின் சின்ன உருண்டையிலிருந்து வந்தது. நம் குண்டும் உருண்டைதான். தாலிச் சரட்டில் ஆச்சிமார் கோக்கும் குண்டும் அதே சொல். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதை விட்டுவிட்டு ஏன் அலைகிறார்கள்?

குண்டு என்றால் வெடிகுண்டோடு குழம்பும் என்பது எதிர்த்தரப்பின் ஒரே நல்ல வாதம். குழம்புகிற இடத்தில் துப்பாக்கிக் குண்டு என்று சொல்லிவிட்டுப் போகலாமே. இலங்கைத் தமிழர் தோட்டாவுக்கு ரவை, குண்டுக்குச் சன்னம் என்று அழகாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே ரவை என்றால் அடுப்பில் உப்புமாவுக்குத் தண்ணீர் வைத்துவிடுவார்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடையொன்றில், கைப்பிடி வைத்த இரும்பு அச்சு ஒன்றைப் பார்த்தேன். பாக்குவெட்டி என்று நினைத்துத்தான் எடுத்தேன். விரித்தால் உள்ளே இரண்டு பாதிக் குழிகள், மேலே உருக்கிய உலோகம் ஊற்ற ஒரு வாய். “என்னண்ணே இது?” என்றேன். “குண்டு அச்சு” என்றார் கடைக்காரர். மொழிபெயர்ப்பாளர் இதற்கு ‘தோட்டா வார்ப்பி’ என்று எழுதியிருப்பார்.

வார்ப்பு என்றதும் ஈயத்தையும் சொல்லியாக வேண்டும். ‘காஸ்ட் லெட்’ என்பதை ‘நடிகர் வழிநடத்தல்’ என்று கணினி பெயர்க்காதவரை சந்தோஷம்தான். ஆனால் ‘வார்ப்பு ஈயம்’ என்பதும் போதாது. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் அதுதான். குண்டு வார்ப்பது காரீயத்தில். சமைக்கிற வீட்டில் இந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது ஆபத்து. தவிர, குண்டு வார்க்கிறவர்கள் இரண்டையும் கலக்கிறார்கள். பெயர்பெற்ற ஒரு கலவையில் நூற்றுக்கு 90 பங்கு காரீயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆன்டிமனி. வெறும் ‘ஈயம்’ என்று எழுதுகிறவர் இந்த வாக்கியத்தை எப்படித் தமிழில் எழுதுவார்? ஈயத்தோடு ஈயத்தைச் சேர்க்கவும் என்றா?

‘ஹேண்ட்லோடிங்’ என்பதற்கு ‘கையேற்றம்’ என்கிறார்கள். லாரியில் மூட்டை ஏற்றுவதுபோல் இருக்கிறது. கையால் தோட்டா கட்டுவது என்றால் முடிந்தது. உரிமம் இல்லாமல் அந்த வேலையில் இறங்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இங்கே விடாது. நமக்குச் சொல் மட்டும் போதும்.

மிச்சம் இருப்பது ‘செமி ஆட்டோமேட்டிக்’ என்பதற்கு வைத்த ‘பாதித் தானியங்கி’. மறுபடியும் அதே ‘செமி’, மறுபடியும் அதே ‘பாதி’. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு, அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே ஏற்றிக்கொள்ளும். இதில் எது பாதி? நம் போலீஸ்காரர் தோளில் எஸ்.எல்.ஆர். என்று ஒன்றைச் சுமந்தாரே, அந்த மூன்றெழுத்தின் விரிவே தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி என்பதுதான். தானேற்றித் துப்பாக்கி என்று எழுதினால் அவருக்கு உடனே புரியும். பாதித் தானியங்கி என்றால், மீதிப் பாதிக்கு என்ன ஆச்சு, ரிப்பேரா என்று கேட்பார்.